தாலிடோமைடு: அன்று பறித்தது, இன்று கொடுப்பது

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் மருந்துக் கடைகளுக்கு ‘கான்டெர்கான்’ என்ற தூக்க மாத்திரை வந்தது. மருத்துவர் சீட்டுகூடத் தேவையில்லை. எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் சாகவில்லை. எனவே முழுக்கப் பாதுகாப்பானது என்று தயாரித்த கிருனெந்தால் நிறுவனம் விளம்பரம் செய்தது. கர்ப்பிணிகள் மசக்கைக்கும் தூக்கத்துக்கும் போட்டுக்கொண்டார்கள். 1961 நவம்பரில் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. அந்த மாத்திரையால் கையோ காலோ சரியாக வளராமல் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் 10,000-க்கும் மேல் என்கிறார்கள். அமெரிக்கா பெரும்பாலும் தப்பித்தது. அங்கே ஃபிரான்சஸ் கெல்சி என்ற அதிகாரி, காட்டிய சான்று போதாது என்று அனுமதி தர மறுத்துக்கொண்டே இருந்தார்.

கான்டெர்கானுக்குள் இருந்த மருந்து தாலிடோமைடு. அதையும் அதன் வழியில் வந்த லெனலிடோமைடையும்தான் இன்று மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு எழுதித் தருகிறார்கள்.

எலும்பு மஜ்ஜையில் எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகுவது மைலோமா. எலும்பு தானாக முறியும், சிறுநீரகம் கெடும். அறுபதுகளில் மெல்ஃபலான் மாத்திரையும் ஸ்டீராய்டும்தான் கதி. நோய் தெரிந்தபின் மூன்று ஆண்டுகள் ஓடினாலே பெரிது. இன்று பத்து ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் ஏராளம்.

மாற்றம் சுற்றுவழியில்தான் வந்தது. 1964-இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், வலியால் தூங்க முடியாத தொழுநோயாளிக்குத் தாலிடோமைடைக் கொடுத்தார். தூக்கத்தோடு புண்களும் ஆறின. 1994-இல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மனின் ஆய்வகத்தில், இது புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கிறது என்று கண்டார்கள். அந்த நம்பிக்கையில் ஆர்கன்சாவில் 84 மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு மருந்து எதற்கும் கேட்காமல் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கேட்டது. 1999-இல் முடிவு வெளியானது. ஏன் கேட்கிறது என்பது மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

பதில் 2010-இல் டோக்கியோவிலிருந்து வந்தது. ஹிரோஷி ஹாண்டா, தகுமி இட்டோ குழுவினர் நுண்ணிய காந்த மணிகளில் தாலிடோமைடை ஒட்டினார்கள். செல்களை அரைத்த சாற்றை அதில் கலந்து அலசிவிட்டு, மருந்தைப் பிடித்துக்கொண்டு நின்ற புரதம் எது என்று பார்த்தார்கள். செரிப்ளான் நின்றது.

செரிப்ளான், அடையாளம் குத்தும் ஒரு நொதிக் கூட்டத்தின் உறுப்பு. சாலையை அகலப்படுத்துமுன் வெட்ட வேண்டிய புளியமரத்தில் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்களே, அந்த வேலைதான். கழிக்க வேண்டிய புரதத்தில் இந்த நொதிகள் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டும். 76 அமினோ அமிலங்கள் கொண்டது அது. ஒட்டிய புரதம் புரோட்டியாசோம் என்ற அரவைக்குள் போய்த் தூளாகும். இந்த ஏற்பாட்டைக் கண்டவர்களுக்கு 2004-இல் வேதியியல் நோபல். நம் உடம்பில் இப்படிக் குறி பார்த்து ஒட்டவைக்கும் நொதிகள் 600-க்கும் மேல். அவை பழுதாவதும் ஆபத்து. ஒருவகை லுக்கேமியாவில் எஃப்பிஎக்ஸ்டபிள்யூ7 என்ற நொதி கெட்டுப்போவதால், கழிய வேண்டிய நாட்ச் புரதம் தேங்கிச் செல்களைப் பெருக்குகிறது.

2014-இல் மர்மம் முழுதாக அவிழ்ந்தது. மருந்து செரிப்ளானில் உட்கார்ந்து அதன் முகத்தையே மாற்றுகிறது. வழக்கமாகத் தொடாத இக்காரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களுக்கு அடையாளம் விழுகிறது. அவை இல்லாமல் மைலோமா செல்லால் பிழைக்க முடியாது. 2018-இல் மறுபக்கமும் தெரிந்தது. கருவில் கைகால் உருவாகத் தேவையான சால்4 புரதத்தையும் இதே செரிப்ளான் இதே வழியில் அழிக்கிறது. எலியின் செரிப்ளானிலோ ஓர் அமினோ அமிலம் வேறு. அங்கே மருந்தின் கை ஓங்குவதில்லை. எலியை நம்பியது எவ்வளவு பெரிய பிசகு!

வேடிக்கை என்னவென்றால், 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் என்ற மைலோமா ஊசி அந்தப் புரோட்டியாசோம் அரவையையே அடைக்கிறது. ஒன்று அழிவைத் தூண்டும், மற்றது தடுக்கும். இரண்டையும் ஒரே நோயாளிக்குச் சேர்த்துக் கொடுத்தால் நன்றாகவே கேட்கிறது.

கெல்சிக்குத் தரும் பெருமையில் பாதியாவது அந்தக் காந்த மணிகளுக்கும் தர வேண்டும் என்பேன். முன்பு தற்செயலாகத் தட்டுப்பட்டதை இன்று திட்டமிட்டுச் செய்கிறார்கள். எந்தப் புரதம் அழிய வேண்டும் என்று முடிவுசெய்து, அதை நொதியிடம் இழுத்துவரும் மூலக்கூறுகளை வரைகிறார்கள். ரத்தப் புற்றுநோய்களுக்கென்றே பல சோதனையில் உள்ளன.

லெனலிடோமைடு நம்மூரிலும் இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகக் கிடைக்கிறது. வீட்டில் யாராவது சாப்பிட்டால் ஒன்றை மறக்காதீர்கள்: கர்ப்பமாக இருப்பவர்கள் அதன் உடைந்த கேப்சூலைத் தொடவே கூடாது. சாப்பிடுபவர் ஆணென்றால் ஆணுறை கட்டாயம். மருந்து ஓடும் காலத்திலும், நிறுத்தி நான்கு வாரம் வரையிலும் ரத்ததானம் வேண்டாம். மிச்ச மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.