கேட்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?
வீட்டு ஸ்டீரியோ குறித்துச் சில குறிப்புகள்

1

கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். 1980களின் தொடக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்டீரியோ செட் வந்தது. கம்பெனி செட் இல்லை, ரேடியோ மெக்கானிக் ஒருவர் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தது. ஒட்டுப்பலகைப் பெட்டிமேல் கறுப்பு ரெக்சின், எட்டங்குல ஊஃபர் ஒன்று, சின்ன ட்வீட்டர் ஒன்று. இப்படி இரண்டு பாக்ஸ்கள். அப்பா ஒன்றை முன்னறை அலமாரிமேல் வைத்தார். இன்னொன்றுக்கு நீளமாக ஒயர் இழுத்துச் சமையலறைப் பரணில் ஏற்றினார். 'எல்லாரும் கேக்கலாம்ல' என்பது அவர் கணக்கு. செட் வைத்திருந்த வேறு சில வீடுகளிலும் இதே ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் அர்த்தம் எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோப் பதிவின் தொடக்கமாக 1978இல் வெளிவந்த 'ப்ரியா' படப் பாடல்களைச் சொல்வது வழக்கம். அதன்பின் வந்த பாடல்கள் பலவற்றில் குரல் இரண்டு பக்கமும் சமமாக வரும். வாத்தியங்கள் பிரிந்து நிற்கும். கிதார் ஒரு பக்கம், வயலின் கூட்டம் மறுபக்கம். எங்கள் வீட்டில் இடது பக்கம் முன்னறையில், வலது பக்கம் சமையலறையில். ஆக, அம்மா பத்து வருஷத்துக்குமேல் கேட்டது வலது பக்கத்துப் பாட்டை மட்டும்தான்.

முன்னறையில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகளான நாங்களும் பாதியைத்தானே கேட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம்தான். ஆனால் பேலன்ஸ் குமிழ் எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பாட்டு பிடிக்காவிட்டால் கேசட்டை மாற்றலாம், சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அம்மாவுக்கு வந்து சேர்ந்தது நாங்கள் தேர்ந்தெடுத்ததில் பாதி. செட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று அப்போது கேட்டிருந்தால் 'எங்க வீடு' என்றுதான் சொல்லியிருப்பேன். வீடு என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை இருக்கைகள் இருந்தன என்பது அன்று என் கண்ணில் படவில்லை.

2

கொஞ்சம் பின்னால் போகலாம். இன்று நாம் பயன்படுத்தும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925இல் அமெரிக்காவின் ரைஸும் கெல்லாக்கும் முன்வைத்தார்கள். காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் ஆடுகிறது, அதோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான். 1931இல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளூம்லைன் இரட்டைத்தட ஒலிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வர 1950களின் கடைசி வரை ஆனது.

ஸ்டீரியோ என்பது இரண்டு ஸ்பீக்கர் அல்ல. ஒரே குரல் இரண்டிலிருந்தும் சமமாக, ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால், அது நடுவிலிருந்து வருவதாக மூளை முடிவு செய்கிறது. நடுவில் ஸ்பீக்கர் எதுவும் இல்லை, ஆனால் பாடகி அங்கே நிற்கிறாள். ஒரு பக்கம் ஒலி சற்றுக் கூடினாலோ முந்தினாலோ அவள் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவாள். இந்த மாயம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் வாங்கினால் கூட வரும் கையேட்டில் இந்த முக்கோணப் படத்தைப் பார்க்கலாம்.

அந்தப் படத்தில் இருக்கும் ஆள் யார்? தனியாக இருக்கிறார். அவருக்கென்று ஒரு அறை இருக்கிறது. அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை, யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் தலையை அசைக்காமல் உட்கார அவரால் முடியும். ஐரோப்பிய ஓவியத்தில் பரிமாண நோக்கு பார்ப்பவரின் கண்ணை ஒரே புள்ளியில் நிறுத்திவைத்தது போல, ஸ்டீரியோ கேட்பவரின் காதை ஒரே இருக்கையில் நிறுத்திவைக்கிறது. 'உயர்தரம்' என்று நாம் சொல்லும்போது இந்த இருக்கையையும் சேர்த்தே சொல்கிறோம். இருக்கை இல்லாதவருக்கு அந்தத் தரம் கிடையாது, காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் கூட.

3

2004இல் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். சென்னையில் ஒரு கடை. தரையில் கம்பளம், சுவரில் கனத்த திரை, மெத்தை நாற்காலி. அங்கே கேட்டபோது பாடகர் மூச்சு இழுப்பதுகூடத் தனியாகத் தெரிந்தது. இரண்டு மாதச் சம்பளம் போனது. ஊருக்குக் கொண்டுவந்து என் பத்துக்குப் பத்து அறையில், இடமில்லாததால் இரண்டு மூலைகளிலும் ஆளுக்கொன்றாக வைத்து, போட்டேன். டம் டம் என்று ஒரே முழக்கம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்கு போன் போட்டேன். 'ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல சார், ரூம் ப்ராப்ளம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்கள் சொன்னது சரி. வாங்கும்போதே சொல்லியிருக்கலாம், அது வேறு விஷயம்.

இதை விளக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்தடி இருந்தால் நொடிக்குச் சுமார் 56 அதிர்வுள்ள ஒலி அங்கே மாட்டிக்கொண்டு ஊஞ்சலாடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே 56. பேஸ் கிதாரின் ஏ தந்தி 55 அதிர்வு. ஆக, இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் அந்தச் சுரத்தைத் தொடும்போதெல்லாம் அறை தானும் சேர்ந்து பாடும். அடுத்த சுரத்துக்குப் போனதும் பாதி காணாமல் போகும். மூலையில் வைத்தால் இது இன்னும் கூடும், சுவர்கள் தாழ்ந்த ஒலியைத் திரட்டித் தருவதால். மேல்ஸ்தாயிக்கு வேறு பிரச்சினை. பூசிய கான்கிரீட் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். மிச்சம் முழுக்கத் திரும்பி வரும். கை தட்டிப் பாருங்கள், சுவர்களுக்கு நடுவே 'டர்ர்' என்று ஓடும்.

நான் வாங்கியது ஸ்பீக்கரை மட்டும்தான். கடையில் கேட்டது ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்ததை. தரம் என்பது பெட்டிக்குள் இருக்கும் குணமல்ல, பெட்டிக்கும் அறைக்கும் கேட்பவருக்கும் இடையிலான உறவு. விலைச்சீட்டு அதைப் பொருளின் குணமாக மாற்றிக் காட்டுகிறது.

4

அறையே போதாதவர்கள் என்ன செய்தார்கள்? எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். அங்கே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்தவர்கள் செட் வாங்கினார்கள். பாக்ஸ் வாங்கக் காசு போதாத வீட்டில் ஸ்பீக்கரை மட்டும் வாங்கி மண்பானையின் வாயில் பொருத்திவிடுவார்கள். டீக்கடையிலும் சலூனிலும்கூட இதைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் சிரித்திருக்கிறோம். சிரிக்க ஒன்றுமில்லை. என் விலையுயர்ந்த ஸ்பீக்கரின் பின்பக்கத்து ஓட்டையும் அந்தப் பானையும் ஒரே இயற்பியலைச் சேர்ந்தவை. குடுவைக்குள் அடைபட்ட காற்று தனக்கென்று ஒரு சுருதி வைத்திருக்கிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். அந்தச் சுருதியை ஸ்பீக்கரோடு எப்படிப் பொருத்துவது என்பதற்கு 1960, 70களில் ஆஸ்திரேலியாவின் தீலும் ஸ்மாலும் கணக்குப் போட்டுத் தந்தார்கள். பானைக்காரருக்கு அந்தக் கணக்கு கிடைக்கவில்லை, காது இருந்தது. பானை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அங்கே ஸ்பீக்கர் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. உள்ளே உட்கார இடம் கிடையாது. சனம் பொழுதுசாயத் தெருவில்தான் உட்காரும். முக்கோணமாவது ஒன்றாவது, தெருவே இருக்கை. ஆனால் எங்கள் வீட்டில் ஓடினால் 'பாட்டு' என்ற அதே கேசட், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓடினால் எங்கள் தெருவுக்குச் 'சத்தம்' ஆகிவிடும். 'அவனுங்க சவுண்டு தாங்கல' என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். 2000இல் வந்த ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்தன. டெசிபலை மீட்டர் அளக்கும். யாருடைய 60 டெசிபல் எரிச்சலூட்டுகிறது, யாருடைய 70 கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது என்பதை எந்த மீட்டரும் அளக்காது. வாசலைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர் பாட்டு கேட்பதற்கு மட்டுமல்ல, 'நாங்களும் இருக்கோம்' என்று ஊருக்குச் சொல்வதற்கும்தான். எங்கள் காது அதைச் சரியாகவே புரிந்துகொண்டது. அதனால்தான் எரிந்தது.

5

இனி மலைக்கு வருகிறேன். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது என்பது நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூரில் மலையாளிப் பழங்குடித் தோழர் ஒருவர். பாட்டுப் பைத்தியம். 'அந்தப் பொட்டியத்தான் ஒரு தடவ கொண்டாங்களேன்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகப் போகும் பஸ்ஸில் ஸ்பீக்கர்களை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை. மூலைகளில் சாமையும் கேழ்வரகும் மூட்டையாக அடுக்கியிருந்தன. ஸ்டெபிலைசர் ஒரு பக்கம் கொர்ரென்றது. 'ஹவ் டு நேம் இட்' கேசட்டைப் போட்டோம். நம்ப முடியவில்லை. ஒவ்வொரு வயலினும் அதனதன் இடத்தில் நின்றது. முழக்கம் துளியும் இல்லை. காரணம் எளிமையானது. புல்கூரை மேல்ஸ்தாயியை உறிஞ்சிக்கொள்கிறது. இளகிய மண்சுவர் தாழ்ந்த ஒலியைத் திருப்பி அடிக்காமல் வெளியே விட்டுவிடுகிறது. மூட்டைகள் மூலையை அடைக்கின்றன. சென்னைக் கடைக்காரர் பணம் கொட்டிச் செய்ததை அந்த வீடு சும்மா செய்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மரபான வாழிடம், நவீனத்தின் கான்கிரீட் செவிட்டுத்தனம் என்று பெரிதாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். தோழர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: 'ஐப்பசி மழையில வந்து பாருங்க தோழர். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கூரை மாத்தணும், புல்லு அறுக்கப் போனா ஃபாரஸ்ட்காரன் கேள்வி கேப்பான். ஒங்க பாட்டு நல்லா கேக்குதுன்னு நாங்க ஒழுகுற வூட்லயே இருக்கணுமா?'

என்னிடம் பதில் இல்லை. அவர் வாழ்க்கையை ஒரு நல்ல ஒலிக்கூடமாக மட்டும் பார்த்த காது என்னுடையது. 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க வந்தது. அதைப் போன்ற திட்டமொன்றில் அவருக்கும் பின்னால் ஒரு கான்கிரீட் வீடு கிடைத்தது. ஒழுகவில்லை. வெயிலில் கொதிக்கிறது. மகன் கேரளத்திலிருந்து வாங்கிவந்த ஸ்பீக்கர் அதில் டம் டம் என்கிறது. 'இப்ப ஒங்க வூடு மாதிரியே கேக்குது தோழர்' என்று சிரித்தார்.

ஒழுகாத வீடும் நன்றாய்க் கேட்கும் வீடும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஏழைக்கு வீடு என்றால் தலைக்கு மேல் கூரை, அதற்குமேல் என்ன கேட்கிறது என்ற நினைப்புதான் அந்தப் பெட்டி வடிவத்தைப் போட்டுத் தருகிறது. குளிர்ச்சியும் கேட்புச் சுகமும் காசுள்ளவன் பிறகு தனியாக வாங்கிக்கொள்ள வேண்டிய சங்கதிகளாகிவிட்டன.

6

செய்யக் கூடியதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஒன்றரை, இரண்டடி முன்னால் இழுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். மூலைகளில் நெல் மூட்டையோ சுருட்டிய இலவம்பஞ்சு மெத்தையோ வையுங்கள். முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி நல்லது. விற்காத சிறுபத்திரிகைக் கட்டுகளும் உதவும், அது நம்மிடம் தாராளமாகவே இருக்கிறது. என் அறையில் இவ்வளவையும் செய்தேன். புது ஸ்பீக்கர் வாங்கினால் கிடைத்திருக்கும் வித்தியாசத்தைவிட இதில் கிடைத்தது அதிகம்.

பிறகு அம்மாவை அழைத்து முக்கோணத்தின் மூன்றாவது முனையில் உட்கார வைத்தேன். சமையலறைப் பரணிலிருந்து அவர் கேட்டுப் பழகிய பாட்டு ஒன்றைப் போட்டேன். இடது பக்கம் வயலின்கள் எழுந்ததும் திரும்பிப் பார்த்தார். 'இதுல எதுக்கு இப்பப் புதுசா பிடில் சேத்துருக்காங்க?' என்றார். அது முதலிலிருந்தே இருக்கிறது என்றேன். 'எங்களுக்குக் கேக்கலியே' என்றார்.

'எனக்கு' என்று சொல்லவில்லை, 'எங்களுக்கு' என்றார். ஸ்பீக்கரைப் பற்றிப் பேசும் நண்பர்கள் வாட் எவ்வளவு, விலை எவ்வளவு என்பதோடு அந்தப் பன்மையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. மற்றதை விவாதிக்கலாம்.