வீட்டுக் காமிராவும் பதிவுப் பெட்டியும்: பழுதுகளும் பரிகாரங்களும்

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி இரவு கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில் நிகழ்ந்ததை நம் வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். அரிவாளுடன் வந்த முகமூடித் திருடர் இருவரை முதிய தம்பதியர் நாற்காலிகளை வீசியே விரட்டியடித்தனர். அவ்வாண்டுச் சுதந்திர தினத்தன்று அரசு அவர்களுக்கு விருதளித்துப் பாராட்டியது. அவர்களுடைய தீரத்தை நாடு முழுவதும் கண்ணாரக் கண்டதற்குக் காரணம், வாசலிலிருந்த காமிராவின் காட்சி பதிவாகியிருந்ததேயாகும்.

இன்று ஆலங்குளத்து வீடுகளிலும், காய்கறிக் கடைகளிலும், கிடங்குகளிலும் டி.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டியைக் காண்கிறோம். ஆனால் பெட்டி இருப்பது வேறு. அது பதிவு செய்துகொண்டிருப்பது வேறு. திரையில் காட்சி தெரிவதைக் கொண்டு பதிவும் நடைபெறுகிறது என்று எண்ணிவிடலாகாது. களவு போன மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒன்றுமில்லையென்று கைபிசைவதில் பயனில்லை. ஆகவே அங்கத்தினர்கள் தாமே கண்டறியக்கூடிய பழுதுகளை ஈண்டு விளக்குவோம்.

பெட்டி வேலை செய்யும் விதம்

காமிரா அனுப்பும் காட்சி கம்பி வழியே பெட்டியை அடைகிறது. பெட்டிக்குள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க் அதனைச் சேமிக்கிறது. டிஸ்க் நிரம்பியதும் மிகப் பழைய பதிவு அழிந்து, அவ்விடத்தில் புதியது ஏறுகிறது. ஒரு காமிரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜி.பி. இடம் செலவாகும். நான்கு காமிராக்களுக்கு 86 ஜி.பி. வேண்டும். எனவே 1 டி.பி. டிஸ்க் உத்தேசமாகப் பதினொரு நாட்களுக்கே தாங்கும். பதினைந்து நாள் கழித்துத் தேடுவோர் பெட்டியைக் குறைகூறுவது பொருந்தாது.

பழுதுகளும் பரிகாரங்களும்

1. பெட்டி ஓயாமல் 'பீப்' ஒலி எழுப்புதல்: பெரும்பாலும் டிஸ்க் பழுதுற்றதையோ, அதன் இணைப்பு கழன்றதையோ இவ்வொலி உணர்த்தும். தொல்லையென்று ஒலியை நிறுத்திவிடுவோர் எச்சரிக்கையையே நிறுத்துகின்றனர். உடனே பழுது பார்ப்பவரை அழைத்தல் வேண்டும்.

2. ஒரு காமிரா மட்டும் தெரியாமை: அதன் கம்பியை நன்றாகத் தெரியும் காமிராவின் துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். அங்கும் தெரியாவிடில் குற்றம் காமிராவிலோ, கம்பியிலோ, மின்சாரம் தரும் அடாப்டரிலோ உள்ளது. அங்கே தெரிந்தால் பழுது பெட்டியின் துளையில்.

3. பகலில் தெரிந்து இரவில் மறைதல்: இருட்டியதும் காமிராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது. 12 வோல்ட் அடாப்டர் வலுவிழந்திருந்தால் அப்போது காட்சி நின்றுவிடும். அடாப்டரை மாற்றினால் போதும், காமிராவை மாற்றவேண்டுவதில்லை.

4. இரவில் வெண்புகை போல் தெரிதல்: கண்ணாடியின் மேல் படிந்த தூசும் சிலந்திவலையுமே காரணம். மெல்லிய துணியால் துடைத்தல் போதும். ஆடிக் காற்றில் காமிரா திரும்பிவிட்டதா என்பதையும் அப்போதே பார்க்கலாம்.

5. காட்சியில் கோடுகள் ஓடுதல்: மின்கம்பியை ஒட்டியே காமிராக் கம்பியும் சென்றாலும், இணைப்பில் மழைநீர் புகுந்தாலும் இவ்வாறு நேரும். இரண்டையும் விலக்கி அமைத்து, இணைப்புகளை மழைபடாமல் மூடுதல் நலம்.

6. தேதியும் நேரமும் பிறழ்தல்: மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் இவ்வாறாயின், உள்ளிருக்கும் வட்ட வடிவச் சிறு பாட்டரி தீர்ந்துவிட்டது. அற்ப விலையுள்ள இதனை அலட்சியம் செய்தால், நடந்த நேரத்தைப் பிற்பாடு மெய்ப்பிப்பது கடினமாகும்.

7. பெட்டி சூடேறித் தானே நின்றுபோதல்: சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் பஞ்சுத் தூசு காற்றுத் துளைகளை அடைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்தியபின் தூசு நீக்கவேண்டும். பெட்டியைத் துணியால் மூடுதல் கூடாது. அடிக்கடி மின்சாரம் தடைப்படும் இடத்தில் யு.பி.எஸ். வைத்தால் டிஸ்க் நீண்ட நாள் உழைக்கும்.

செல்பேசியில் காட்சி வராவிடின் அஞ்சவேண்டாம். இன்டர்நெட் நின்றாலும் பெட்டியில் பதிவு தொடரும்.

கடவுச்சொல்

பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருப்பது கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விடுவதற்கு ஒப்பாகும். 2016-ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீய நிரல், இத்தகைய காமிராக்களையும் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கிற்று.

குற்றம் நிகழ்ந்தால்

முதலில் பதிவைப் பென் டிரைவில் படியெடுத்துக்கொள்ளுங்கள்; நாள் கடந்தால் அது அழிந்துவிடும். பெட்டியின் கடிகாரத்திற்கும் உண்மை நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துவைக்கவும். எவர் சொன்னாலும் 'பார்மட்' செய்ய இடங்கொடுக்கலாகாது. பெட்டியையும் அப்படியே பாதுகாக்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, இத்தகைய பதிவின் படியை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பெட்டிக்குப் பொறுப்பானவரும் நிபுணர் ஒருவரும் கையொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு யோசனை. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, முந்திய நாள் இரவுப் பதிவை ஐந்து நிமிடமேனும் ஓட்டிப் பாருங்கள். ஒரே தெருவிலுள்ள பத்துப் பேர் சேர்ந்து ஒரு பழுது பார்ப்பவரை அமர்த்திக்கொண்டால் செலவும் குறையும், வேலையும் ஒழுங்காக நடைபெறும். நெல்லையும் நூலையும் கூடிக் காப்பவர்கள், அவற்றைக் காக்கும் கருவியையும் கூடியே காக்கலாமன்றோ!