இ.இ.ஜி.யில் கூரான அலை தெரிந்தாலே வலிப்பு நோயா? சந்தேகங்களும் விளக்கங்களும்

மயங்கி விழுந்தவருக்கு எடுக்கும் இ.இ.ஜி. அறிக்கையில் ‘கூரான அலைகள்’ என்று இருந்தாலே, வலிப்பு நோய் உறுதியாகிவிட்டதாகக் குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. வலிப்பே வராதவர்களின் பதிவிலும் இத்தகைய அலைகள் தெரிவதுண்டு.

இ.இ.ஜி. என்பது என்ன?

தலையில் சுமார் 21 இடங்களில் எலெக்ட்ரோடுகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை இது. வழக்கமாக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை.

நோய் இல்லாதவர்களுக்கும் கூரான அலைகள் வருமா?

வரும். பெரும்பாலும் கண் சொக்கும் நேரத்திலும் இலேசான தூக்கத்திலும் அவை தோன்றுகின்றன. 30 வயதைக் கடந்தவர்களுக்கு, பொட்டுப் பகுதியில் வினாடிக்கு 6 முதல் 11 வரை வளைவு வளைவாக வரும் ‘விக்கெட்’ அலைகள் இதில் முக்கியமானவை. 1977-லேயே இவை விவரிக்கப்பட்டும், இன்றும் வலிப்பு அலைகளாக வாசிக்கப்படுகின்றன. 50 வயதுக்கு மேற்பட்ட சிலரிடம் வலிப்பைப் போலவே நீளும் வேறொரு அலைத்தொடர் தெரியும்; அப்போதும் அவர்கள் முழு நினைவோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

வலிப்பு அலையை எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

சர்வதேச நரம்பு உடலியங்கியல் கூட்டமைப்பு 2017-ல் 6 அடையாளங்களை வகுத்தது. அவற்றில் குறைந்தது 4 பொருந்த வேண்டும். கூர்முனையைத் தொடர்ந்து மெதுவான அலை வருவதும், சுற்றியுள்ள அலைகளின் ஒழுங்கு குலைவதும் அவற்றுள் அடங்கும். தனியாக வரும் விக்கெட் அலையில் இவ்விரண்டும் இருக்காது. அதே பதிவில் அதே வடிவ அலைகள் வேறோர் இடத்தில் தொடராகவும் வந்திருக்கும்.

வலிப்பு நோய் என்று எப்போது முடிவு செய்யப்படும்?

சர்வதேச வலிப்பு நோய்த் தடுப்புக் கழகத்தின் 2014 வரையறைப்படி, தூண்டுதல் ஏதுமின்றி, 24 மணி நேரத்துக்கும் கூடுதலான இடைவெளியில் இரண்டு முறையாவது வலிப்பு வந்திருக்க வேண்டும். ஒரே முறை வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நோயாகக் கருதப்படும். குறிப்பிட்ட வலிப்பு நோய்த்தொகுதி கண்டறியப்பட்டாலும் அப்படியே. வலிப்பே வராதவருக்குக் கூரான அலையை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்த இந்த வரையறையில் இடமில்லை.

இ.இ.ஜி. இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்று நம்பலாமா?

முடியாது. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் வலிப்பு அலை எதுவும் சிக்குவதில்லை. எனவே, நேரில் பார்த்தவர் சொல்லும் விவரமும், விழும்போது செல்போனில் எடுத்த வீடியோவும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

தவறான வாசிப்பால் என்ன பாதிப்பு?

தேவையில்லாத மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிட நேரிடும். மயக்கத்துக்கு உண்மையான காரணம் இதயத் துடிப்புக் கோளாறாக இருந்தால், அது கவனிக்கப்படாமலே போவதுதான் பெரிய ஆபத்து. இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-லும் வலிப்பு பற்றிய கேள்வி உண்டு என்பதால், தவறான முத்திரை உரிமம் பெறுவதையும் சிக்கலாக்கலாம்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறுத்திவிடலாமா?

தாமாக நிறுத்தக் கூடாது. வலிப்பு உள்ளவராக இருந்தால், திடீரென நிறுத்துவதால் உயிருக்கே ஆபத்தான தொடர் வலிப்பு வரலாம். சந்தேகம் இருந்தால், வலிப்பு நோயில் தனிப் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவரிடம் மறுவாசிப்புக் கேட்கலாம். அதற்கு அச்சிட்ட அறிக்கை மட்டும் போதாது; முழுப் பதிவும் அடங்கிய கணினிக் கோப்பைப் பரிசோதனை மையத்தில் கேட்டு வாங்கித் தர வேண்டும்.