"பரவாயில்லை" என்னும் விடை போதாது

"எப்படியிருக்கிறது, ஐயா?" என்று வைத்தியர் வினவுகிறார். "பரவாயில்லை" என்று நோயாளர் விடையளிக்கிறார். கிளினிக்கிலே காத்திருந்தது பல மணி நேரம். பேசியதோ சில நிமிடம். ஒரு மாதத்து வேதனை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கி விடுகிறது. பார்க்கின்சன் நோயாளரைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கு இக்காட்சி புதியதன்று.

1817ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதினார். பிற்காலத்தில் பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ அவர் பெயரையே நோய்க்குச் சூட்டினார். மூளையிலே டோபமின் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்கும் கலங்கள் சிறிது சிறிதாக அழிவதனால் இந்நோய் விளைகிறது. நடுக்கம் மாத்திரமன்று, தசையிறுக்கம், தளர்நடை, எழுத்துச் சிறுத்தல், மலச்சிக்கல், உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியனவும் உடன் வருவதுண்டு.

1960களில் வழக்கிற்கு வந்த லெவோடோபா என்னும் மருந்து, மூளையிலே டோபமினாக மாறி, முடங்கியவரையும் நடமாடச் செய்கிறது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளை வருமுன்னரே தீர்ந்து விடுவதுண்டு. காலையில் நிமிர்ந்து நடந்தவர் மாலையில் கதிரையை விட்டு எழ இயலாதவராகிறார். வைத்தியரோ, கிளினிக்கிற்கு வந்த அந்த வேளையை மாத்திரமே காண்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை நாம் அறிவோம். மாலைதோறும் அவர் பேச்சின்றி, முகம் இறுகி அமர்ந்திருப்பார். "வரவர இவருக்குப் பிடிவாதம் கூடிப்போச்சு" என்று மனைவியார் மனம் நொந்தார். உயர்தர வகுப்பில் பயிலும் பேர்த்தி, தன் கைத்தொலைபேசியிலே எளியதொரு நாட்குறிப்புச் செயலியை அமைத்தாள். மருந்தும் உணவும் உட்கொண்ட நேரங்களைக் குறித்தாள். நடையையும் நடுக்கத்தையும் மணிக்கொரு தரம் "நன்று", "சுமார்", "இயலவில்லை" என்று பதிந்தாள். பாட்டனாரின் விரல் திரையில் நில்லாதபோது, அவர் சொல்லத் தானே பதிந்தாள்.

இரண்டு வாரங்களில் உண்மை புலப்பட்டது. மாலை நான்கு மணிக்கே, அடுத்த மருந்திற்கு நெடுநேரம் இருக்கையில், "இயலவில்லை" என்ற குறி நாள்தோறும் வீழ்ந்திருந்தது. அது பிடிவாதமன்று, மருந்தின் பலன் தீர்ந்த வேளை. முகத்திலே உணர்ச்சி தோன்றாமையும் நோயின் குணமே. பதிவைக் கண்ட வைத்தியர் மருந்து நேரங்களை மாற்றியமைத்தார். மனைவியாரோ, தாம் கடிந்து பேசிய மாலைகளை எண்ணிக் கண் கலங்கினார்.

இவ்வாறு குறிப்பெழுதுவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். இறைச்சி, மீன், பருப்பு முதலிய புரத உணவுகள் லெவோடோபா உடலிற் சேர்வதைச் சிலருக்குத் தடைசெய்யக் கூடும். ஆதலின் உணவு நேரத்தையும் குறிப்பது நன்று. நிலைதடுமாறி விழுந்தால் அதனையும் மறையாது எழுதுக. ஆண்டு முழுவதும் மணிக்கணக்கு எழுதினால் மனம் நோயையே சுற்றும். கிளினிக்கிற்கு முந்திய சில நாட்கள் எழுதினாலே பெரும்பாலும் போதும். குறிப்பைப் பார்த்துத் தாமே மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆகாது. திடீரென நிறுத்துவதோ பேராபத்து.

செயலி இல்லையெனில் பள்ளிக் கொப்பியொன்றே போதும். நோயைத் தீர்க்கும் ஆற்றல் நாட்குறிப்பிற்கு இல்லை. எனினும், "பரவாயில்லை" என்னும் சொல்லுக்குள் மறைந்து கிடக்கும் துன்பத்தை அது வெளிக்கொணரும். அத்துன்பத்தை அறிந்த இல்லத்திலே கடுஞ்சொல் குறையும், பொறுமை வளரும்.