பருத்திப்பட்டு ஏரி முதல் பாம்பன் வரை... நீலப் பொருளாதாரம் யாருக்கு?

'நீலப் பொருளாதாரம்' என்றதும், அது கடலோர ஊர்க்காரர்கள் சமாச்சாரம், ஆவடிப் பக்கம் இருக்கிற நமக்கென்ன என்றுதான் தோன்றும். பருத்திப்பட்டு ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 28 கோடி ரூபாய் செலவில் நடைபாதை, படகுச் சவாரி என்று 2019-ல் பூங்காவாக மாறிய 87 ஏக்கர் ஏரி. இது நிரம்பினால் உபரிநீர் போவது கூவத்துக்கு. கூவம் போய்ச் சேர்வது நேப்பியர் பாலத்தை ஒட்டி, வங்கக் கடலில். நாம் கால்வாயில் வீசும் பால் கவருக்கும் அதே ரூட்தான்!

கடலிலிருந்து வருமானமும் வர வேண்டும், கடலும் கெடக் கூடாது. 2012 ரியோ மாநாட்டையொட்டிப் பிரபலமான இந்த வார்த்தைக்கு அர்த்தம் இவ்வளவுதான். மீன்பிடி, துறைமுகம், கப்பல் என்றிருந்த ஆய்வுகள் இப்போது அலையாத்திக் காடுகள், பிளாஸ்டிக், சிறு மீனவர்களின் உரிமை என்று விரிந்திருக்கின்றன.

நம்ம பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அமைத்தது இவர்கள்தான். மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரை, அழுத்தம் குறைந்த கலனில் ஆவியாக்குகிறார்கள். ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியை மறுபடி நீராக்குகிறார்கள். தினமும் 1 லட்சம் லிட்டர் குடிநீர்!

இதே நிறுவனத்தின் 'வராஹா' இயந்திரம் 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் ஊர்ந்தது. குறி, நிக்கல், கோபால்ட் அடங்கிய உலோக உருண்டைகள். அவை சில மில்லிமீட்டர் வளரவே 10 லட்சம் ஆண்டுகள் ஆகும். அள்ளிவிட்டால் அங்கே வாழும் உயிர்களின் கதி? உலகம் முழுக்க ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவது இதில்தான்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் பட்டது, பாம்பன் சின்னப்பாலம் பெண்களின் கதை. தலைமுறைகளாக மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, அங்கே போகவே தடை. 'மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்போம்' என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் சர்வதேச 'சீகாலஜி' விருது கிடைத்தது.

இப்போது அதே ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காத் திட்டம் வந்திருக்கிறது. அதில் இந்தப் பெண்களுக்குக் கிடைக்கப்போவது தினக்கூலியா, லாபத்தில் பங்கா?