செகண்ட் இருக்கிறது, ஃபர்ஸ்ட் எங்கே?

"சார், செகண்ட் என்றால் இரண்டாவது. கடிகாரத்தில் செகண்ட் இருக்கிறதே, ஃபர்ஸ்ட் எங்கே?"

முதலாண்டு வகுப்பில் ஒரு மாணவன் இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. விடையைப் பார்ப்போமா?

லத்தீன் மொழியில் 'செகுந்துஸ்' என்றால் 'பின்தொடர்ந்து வருவது'. முதலாவதைப் பின்தொடர்வது இரண்டாவதுதானே! கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்ததை மற்றவர் வழிமொழிவதும் ஆங்கிலத்தில் 'செகண்ட்' செய்வதுதான்.

காலத்தை அளக்கும் செகண்ட் எப்படி வந்தது? பாபிலோனியர் அறுபதை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டனர். அவ்வழியில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்ற வானியலறிஞர் ஒரு பாகையை 60 கூறாகவும், ஒவ்வொரு கூற்றையும் மீண்டும் 60 கூறாகவும் பிரித்தார். பிற்காலத்தில் லத்தீனில் எழுதியோர் இவற்றை 'முதல் சிறு கூறு', 'இரண்டாம் சிறு கூறு' என்றனர். 'சிறு' என்பதற்குரிய லத்தீன் சொல் 'மினுட்டா'. முதல் பெயரில் அது மட்டும் நிலைத்து 'மினிட்' ஆயிற்று. அடுத்த பெயரில் 'இரண்டாம்' மட்டும் நிலைத்து 'செகண்ட்' ஆயிற்று. மணியையும் இவ்வாறே பிரித்தார்கள். ஆக, அந்த மாணவன் தேடிய 'ஃபர்ஸ்ட்' வேறெதுவுமன்று, நிமிடமே!

இங்கே ஓர் எச்சரிக்கை. கோணத்துக்கும் காலத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். தமிழில் கோணத்தின் செகண்டை 'விகலை' என்கிறோம்; காலத்தின் செகண்ட் 'விநாடி'. வானம் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 360 பாகை சுழல்வதாகத் தோன்றுகிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு விநாடி நேரத்தில் 15 விகலை! இரண்டையும் ஒன்றென்று கொண்டால் விடை 15 மடங்கு பிழையாகும். மாணவப் பருவத்தில் நானே இப்படி ஒரு கணக்கில் முழு மதிப்பெண்ணையும் இழந்திருக்கிறேன்.

நம்முடைய 'விநாடி'யும் இலேசுப்பட்டதன்று. பழைய கணக்கில் அது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு. நாழிகை 24 நிமிடம். எனவே அந்த விநாடி இன்றைய 24 விநாடிகளுக்குச் சமம்!

சொல் அப்படியே இருக்க, அதன் அளவு மாறிவிடக்கூடும். அறிவியலார் 1967-இல் விநாடிக்குத் திட்டவட்டமான வரையறை வகுத்தனர். சீசியம்-133 அணுவின் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிர ஆகும் நேரமே ஒரு விநாடி.

அடுத்த முறை ஒரு சொல் உங்களைக் குழப்பினால், சிரிப்புக்கு அஞ்சாமல் எழுந்து கேளுங்கள்.