மடக்குக் கத்தியின் இடுக்கில் என்ன இருக்கிறது?

கோடை விடுமுறைக்கு மூட்டை கட்டும்போது புளியோதரை, பேப்பர் தட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஞாபகமாக எடுத்து வைப்போம். கத்தி மட்டும் ரயில் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வரும். மடியில் ஆயக்குடிக் கொய்யா, சுற்றிலும் ஆவலாகப் பிள்ளைகள். யாராவது ஒரு புண்ணியவான் சாவிக்கொத்தில் தொங்கும் மடக்குக் கத்தியை நீட்டுவார். வாங்கிக்கொள்வோம். அங்கேதான் எனக்குப் பகீரென்கிறது.

அந்தக் கத்தியை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். அலகு பளபளவென்றுதான் இருக்கும். பார்க்க வேண்டியது அதை அல்ல. அலகு மடங்கி உட்காரும் பள்ளத்தை, அச்சாணியைச் சுற்றியுள்ள இடுக்கை. ஒரு பல்குச்சியை விட்டுக் கிளறினால் வரிசையாக வெளியே வரும்: காய்ந்த மாம்பழ நார், வெங்காயச் சருகு, கூரியர் பெட்டி பிரித்தபோது ஒட்டிய டேப் பசை, சட்டைப்பைப் பஞ்சு. போன வாரம் அறுந்த செருப்பு வாரைச் சரிசெய்ததும் இதே கத்திதான். கைக்குட்டையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பழத்தில் வைக்கிறோம். ஈரமும் இனிப்பும் வெதுவெதுப்பும் தோதாக அமைந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் இரண்டு மடங்காகிவிடும். மே மாதத்துப் பேன்ட் பாக்கெட்டைவிடத் தோதான இடம் வேறென்ன?

(வீட்டில் இதைச் சொன்னால், “உனக்கு வேற வேலையே இல்லையா” என்கிறார்கள்.)

ஆகவே, சாப்பாட்டுக்கென்று வாங்குவதானால் மடங்காத கத்தியாக வாங்குங்கள். மூன்றரை அங்குல அலகு கொய்யா, வெள்ளரி, எலுமிச்சை எல்லாவற்றுக்கும் போதும். மல்கோவாவின் கன்னத்தைக் கொட்டையை ஒட்டிச் சீவ நினைப்பவர்கள் நாலு அங்குலத்துக்குப் போகலாம். தர்பூசணியை ரயிலில் வெட்டும் ஆசையே வேண்டாம். பிடியும் அலகும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அழுக்கும் சிக்கும். மரப்பிடி அழகுதான், ஆனால் நாளடைவில் ஆணியைச் சுற்றி வெடிப்பு விடும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழுவிக் கவிழ்க்கக்கூடிய பிளாஸ்டிக் உறையே மேல்.

மடக்குக் கத்தி பைக்கு அடக்கம், குழந்தைகள் தொட்டாலும் பயமில்லை என்பார்கள். இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத எவர்சில்வர் பாத்திரம் செய்யத்தான் லாயக்கு; அதைச் சூடேற்றிக் கடினமாக்க முடியாது என்பதால் கத்தியாக அடித்தால் நாலே நாளில் மழுங்கும். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று ஆகிவிடாது. ஒட்டாததைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம். பழைய இரும்புக் கத்தியின் கூர்மைக்கு ஈடு இல்லை. ஆனால் புளிப்பு பட்டால் கறுக்கும், மாங்காய்த் துண்டில் இரும்பு வாடை ஏறும், துடைக்க மறந்தால் மறுநாள் காலை துரு.

ரயில் வாஷ்பேசின் குழாயில் கத்தியைக் காட்டிவிட்டுக் கழுவியதாக நினைக்க வேண்டாம். குடிதண்ணீர் கொஞ்சம், ஒரு சொட்டு சோப்பு, துடைக்கத் தனியாக ஒரு வெள்ளைத் துணி. துணி வெள்ளையாக இருந்தால்தான் அழுக்கு தெரியும். நன்றாகக் காய்ந்த பிறகே உறைக்குள் போக வேண்டும். வெட்டிய பழத்தை உடனே தின்றுவிடுங்கள்; 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரம் தாண்டியதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டு உபயோகக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. விமானத்தில் கதை வேறு. எவ்வளவு சின்னக் கத்தியானாலும் கைப்பையில் விடமாட்டார்கள், சோதனையில் எடுத்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் உறையோடு வைத்துவிட்டு, கையில் வாழைப்பழமோ கமலா ஆரஞ்சோ கொண்டுபோங்கள்.